மெய்நிகரும் உழைச்செல்வானும்

சென்ற ஆண்டு என் அம்மாவை எங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறு கண் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மொத்தம் இரண்டே அறைகள். மருத்துவர் அங்கே இல்லை. நகரத்து மருத்துவமனையில் இருந்தபடி கணினித் திரையில் தோன்றினார். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அம்மாவின் முகவாயைக் கருவியின் மேல் பொருத்தி, இமையைத் தூக்கிப் பிடித்து, கண்ணைப் படமெடுத்து அனுப்பினார். திரையிலிருந்தவர் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார், ஒரு சொட்டு மருந்தின் பெயரைச் சொன்னார், மறைந்துவிட்டார். திரும்பும்போது பேருந்தில், "டாக்டர் எப்படிம்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான்யா பாத்தா அந்தப் புள்ள. கை என்ன பதமா இருந்துச்சு!" என்றார். அம்மாவின் கணக்கில் மருத்துவர் அந்தப் பெண்தான். திரையில் வந்தவரை அவர் பொருட்படுத்தவே இல்லை.

தமிழாசிரியர்களுக்கென்று சில தொழில்வியாதிகள் உண்டு. எது நடந்தாலும் அதற்கொரு குறள் இருக்கிறதா என்று மனம் தேடத் தொடங்கிவிடும். அன்று அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்றொருவரை வைக்கிறது. மருந்தை முறையாக ஆக்கிக் கொடுப்பவர் என்று உரைகாரர் பொருள் காண்பர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் செல்பவர், அருகே இருப்பவர் என்பது சொல்லின் நேர்ப்பொருள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் இக்குறளை நடத்திவருகிறேன். நான்காமவரைச் ‘செவிலியர்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவதே என் வழக்கம். அம்மாவின் பதில் என்னை அந்த இடத்தில் நிறுத்திவிட்டது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் முயற்சிகளின் வரலாற்றை, குறிப்பாக இன்று மிகுதியாகப் பேசப்படும் மெய்நிகர்க் கருவிகளின் வரலாற்றை, இந்த நான்காமவரைத் தேடியபடியே படித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். கண்களை முழுவதும் மூடி, கணினி ஆக்கிய வேறோர் உலகத்துக்குள் நம்மை நிறுத்தும் ஏற்பாட்டை மெய்நிகர் உண்மை என்கிறோம். எதிரேயுள்ள உலகத்தை மறைக்காமல் அதன்மேல் கணினியின் உருவங்களைப் படியவைத்தால் அது மிகை மெய்ம்மை. (இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, தொண்ணூறுகளின் மாய யதார்த்தவாதச் சண்டைகள் திரும்பி வந்துவிட்டனவோ என்று அஞ்சி முகம் சுளித்தார். அது வேறு, இது வேறு.) தமிழில் மெய் என்ற சொல் உண்மையையும் உடம்பையும் ஒருசேரக் குறிப்பது. ஆகவே மெய்நிகர் என்பதற்கு உண்மையை ஒத்தது என்று மட்டுமல்லாமல் உடம்பை ஒத்தது என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. இக்கலைச்சொல்லை ஆக்கியவர் இரண்டாவது பொருளை நினைத்திருக்க மாட்டார். மருத்துவத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது அந்த இரண்டாவதுதான்.

கருவிகள் யாவும் தொலைவைக் கடப்பதற்காகவே வந்தவை என்று நினைக்கிறோம். ஸ்டெதஸ்கோப்பின் கதை அதற்கு நேர்மாறானது. 1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேனக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறுள்ள இளம்பெண் ஒருத்தி வந்தாள். அக்கால வழக்கப்படி நோயாளியின் மார்பில் காதை நேரடியாக வைத்துக் கேட்க வேண்டும். அவளது வயதும் பாலும் அதற்கு இடந்தரவில்லை. லேனக் தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதைவிடத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவு. ஆனால் விலகி நின்றால் கூடுதலாக அறியலாம் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைந்த இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த முழத் தொலைவு ஒன்றரைக் கிலோமீட்டராக நீண்டது 1905இல், நெதர்லாந்தின் லெய்டன் நகரில். இதயத்தின் மின்னலைகளைப் பதிவுசெய்ய வில்லெம் எயின்தோவன் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வழியில்லை, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை ஆய்வகத்துக்குக் கொண்டுவரவும் வழியில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையே தொலைபேசிக் கம்பி போட்டார். நோயாளி மருத்துவமனையில் உப்புநீர்ப் பாத்திரங்களுக்குள் கைகால்களை வைத்திருக்க, அவர் இதயத்தின் அலை கம்பி வழியே ஆய்வகத்தில் கோடாக விழுந்தது. எயின்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் காலைப் பிடித்து உப்புநீருக்குள் இறக்கியவர் ஒருவரும் மருத்துவமனைப் பக்கம் இருந்திருக்க வேண்டும். நான் தேடுகிறவர் அவர்தான்.

அவர் நன்றாகக் கண்ணுக்குத் தென்படுவது ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில். அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் வெட்டவெளி. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928இல் குளோன்கரி என்னும் சிற்றூரில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அச்சேவைக்குக் கொடுத்தார். மின்சாரமில்லாத பண்ணை வீட்டுப் பெண்கள் தையல் எந்திரத்தை மிதிப்பதுபோல் அதை மிதித்தபடி மருத்துவரிடம் பேசினார்கள். ஆனால் பேச்சினால் உடம்பைக் காட்டிவிட முடியுமா? ‘வயிற்றில் வலி’ என்றால் வயிற்றில் எங்கே? 1942 முதல் பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பெட்டிக்குள் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். பின்னர் அதனோடு ஒரு படமும் சேர்ந்தது. மனித உடம்பின் முன்புறமும் பின்புறமும் வரையப்பட்டு, பகுதிகளுக்கெல்லாம் எண்கள் இடப்பட்ட படம். அதே படம் மருத்துவரின் மேசையிலும் இருக்கும். இங்கிருந்து ஓர் எண்ணைச் சொன்னால் அங்கே அவர் விரல் அதே இடத்துக்குப் போகும். அவர் சொல்லும் எண்ணுள்ள புட்டியை இவர் எடுப்பார்.

இந்தப் படத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு, பின்னால் வந்த எந்த மின்னணுக் கருவியைப் பற்றிப் படித்தபோதும் உண்டாகவில்லை. இருவேறு இடங்களில் இருக்கும் இருவர், இரண்டிடத்திலும் இல்லாத மூன்றாவது உடம்பொன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மெய்நிகர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் அச்சிட்ட மெய்நிகர். அதை உயிர்பெறச் செய்தவர் பெட்டியைத் திறந்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்து, எண்ணைச் சொன்ன பண்ணை வீட்டுப் பெண்.

கணினியின் பக்கத்துக் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட், தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றைச் செய்துகாட்டினார். கனம் தாங்காமல் அது கூரையிலிருந்து தொங்கியது. தலைக்கு மேல் தொங்கும் வாள் என்ற கிரேக்கக் கதையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அணிந்தவருக்கு எதிரேயிருந்த அறையும் தெரிந்தது, அந்தரத்தில் மிதக்கும் ஒளிக்கோட்டு உருவங்களும் தெரிந்தன. அது மருத்துவத்துக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1992இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பஜூரா, ஹென்றி ஃபூக்ஸ், ரியூதாரோ ஓபூச்சி ஆகிய மூவர் ஒரு கர்ப்பிணியின் வயிற்றின் மேலேயே ஸ்கேன் படத்தைப் படியவைத்துக் காட்டினார்கள். மருத்துவர் பக்கத்துத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. வயிற்றைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பது அங்கேயே தெரியும். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில், படம் வயிற்றுக்குள் இருப்பதுபோல் தோன்றாமல் வயிற்றின் மேல் ஒட்டியதுபோல் தோன்றியது. அதைச் சரிசெய்ய, வயிற்றில் ஒரு குழி இருப்பதாகக் கணினியால் வரைந்து அதற்குள் படத்தை வைத்துப் பார்த்தார்கள். உடம்புக்குள் பார்ப்பதாக நம்புவதற்குக்கூட உடம்பில் ஒரு பொய்த்துளை வேண்டியிருந்தது. மிகை மெய்ம்மை என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதே ஆண்டில்தான் ஓர் ஆய்வுரை வழியே பரவலாயிற்று. அந்த ஆய்வுரை வந்தது போயிங் விமானத் தொழிற்சாலையிலிருந்து.

இதற்கிடையே அமெரிக்க இராணுவத்துக்கு ஒரு கனவு இருந்தது. போர்க்களத்தில் அடிபட்ட வீரரைக் கவச வண்டிக்குள் கிடத்திவிட்டால், பின்னால் பாதுகாப்பான கூடாரத்திலிருக்கும் அறுவை நிபுணர் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி எந்திரக் கைகளால் அறுவை செய்யலாம். ரிச்சர்ட் சடாவா என்ற இராணுவ மருத்துவர் இதை விடாமல் வலியுறுத்தினார். ஃபிலிப் கிரீன் தலைமையில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் மாதிரிக் கருவியைச் செய்தது. போர்க்களத்துக்கு அது போகவில்லை. அந்த வழியில் பிறந்ததுதான் 2000இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்ற டா வின்சி எந்திரம். உலகெங்கும் அது பரவிய விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொலைவைக் கடப்பதற்கென்று கருக்கொண்ட அந்த எந்திரத்தை இயக்கும் மருத்துவர் பெரும்பாலும் நோயாளி இருக்கும் அதே அறையில், நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தொலைவை உண்மையிலேயே கடந்தது டா வின்சியின் போட்டியாளரான ஸீயஸ். 2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸின் ஸ்டிராஸ்பூர்க் நகரிலிருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை அகற்றினார். 1927இல் தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் பெயரை அந்த அறுவைக்கு வைத்திருந்தார்கள். கையசைவு கடலடிக் கம்பி வழியே போய், எந்திரத்தை அசைத்து, அதன் காட்சி திரும்பிவந்து சேரச் சராசரியாக 155 மில்லிநொடிகள் ஆயின. 330 வரை ஆனாலும் ஆபத்தில்லை என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். 54 நிமிடங்களில் அறுவை முடிந்தது. இரண்டு நாளில் அந்த அம்மையார் வீடு திரும்பினார். நான்கு நாட்களில் அதே நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. நல்ல செய்திகளுக்கு உலகின் கண்ணில் இடமில்லாமல் போயிற்று.

மரெஸ்கோவுக்குக் காட்சி கிடைத்தது, தொடுகை கிடைக்கவில்லை. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை அவர் கை உணர முடியாது, கண்ணால் ஊகிக்க வேண்டும். ஸ்டிராஸ்பூர்கில் அந்த அம்மையாரை மயக்கத்தில் ஆழ்த்தியவர்கள், வயிற்றில் துளையிட்டுக் கருவிகளைப் பொருத்தியவர்கள், கம்பி அறுந்தால் அந்த நொடியே கத்தியைக் கையிலெடுக்கத் தயாராக நின்ற அறுவை நிபுணர்கள் ஆகியோரெல்லாம் அவர் அருகிலேயே இருந்தார்கள். கண்டம்விட்டுக் கண்டம் செய்த அறுவை என்று நாம் சொல்வது அவர்களையும் சேர்த்துத்தான். அவர்கள் இல்லையேல் அந்த 155 மில்லிநொடிக்கு மதிப்பில்லை.

2003 பிப்ரவரியில் கனடாவில் மெஹ்ரான் அன்வரி இதை ஒருநாள் சாகசமாக விட்டுவிடாமல் அன்றாடச் சேவையாக்க முயன்றார். ஹாமில்டன் நகரிலிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே நார்த் பே என்னும் சிறு நகரத்து மருத்துவமனைக்கு, சாதாரண வணிகத் தகவல் இணைப்பின் வழியே, 21 நோயாளிகளுக்கு அறுவை செய்தார். இங்கே கவனிக்கத்தக்கது, உள்ளூர் அறுவை நிபுணரும் அவரும் ஒரே அறுவைக்குள் மாறி மாறிப் பணிசெய்தார்கள் என்பது. அருகிருந்தவர் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளராக இல்லாமல், கற்றுக்கொள்ளும் சக மருத்துவராக இருந்தார். அந்த ஆண்டிலேயே டா வின்சி நிறுவனம் ஸீயஸ் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது; ஸீயஸ் வழக்கொழிந்தது. எந்திரம் போனபிறகும் நார்த் பே மருத்துவரின் கையில் அந்தத் தேர்ச்சி இருந்திருக்கும்.

இதுவரை மருத்துவர் கண்ணில் அணிந்த கருவிகளைப் பார்த்தோம். நோயாளியின் கண்ணில் அணிவித்தது இன்னொரு கதை. சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள் தீக்காயம் பட்டவர்களைப் பற்றி யோசித்தார்கள். காயத்தைவிடக் கொடுமையானது தினந்தோறும் கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைக்கும் நேரம். அந்நேரத்தில் நோயாளியை வேறோர் உலகத்துக்கு அனுப்பிவிட்டால்? தீக்காயமுற்ற வளரிளம் பருவத்தினர் இருவரிடம் செய்த சோதனையை 2000இல் வெளியிட்டார்கள். பிறகு இதற்கென்றே ஒரு பனி உலகத்தை உருவாக்கினார்கள். நெருப்பில் வெந்தவர் பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிகிறார். அந்த நேரத்தில் வலி குறைவாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். வலியென்பது கவனத்தையும் கேட்பது. கவனம் பனிக்குள் போய்விட்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு என்பது இதன் தத்துவம். மெய்யிலிருந்து மெய்நிகருக்குத் தப்பிப் போவது என்று சொல்லலாம். போனவர் விட்டுச்சென்ற மெய்யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் கட்டை அவிழ்க்கும் செவிலியர்.

இந்தக் கதையின் அடுத்த படியில்தான் என் மனம் இடறுகிறது. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நாட்பட்ட முதுகுவலிக்கென ஒரு மெய்நிகர்க் கருவியை அனுமதித்தது. வீட்டிலிருந்தபடியே எட்டு வாரம் தானே அணிந்து பயில வேண்டும். மூச்சைக் கவனிக்க, வலியைப் பற்றிய எண்ணத்தை மாற்ற அது சொல்லித்தரும். 179 பேரிடம் நடந்த ஆய்வில், கருவியைப் பயன்படுத்தியவர்களில் 66 விழுக்காட்டினருக்கு வலி முப்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அத்தகைய பயிற்சி எதுவும் இல்லாத, தட்டையான காட்சிகளை மட்டும் பார்த்த ஒப்பீட்டுக் குழுவில் 41 விழுக்காட்டினருக்கு அப்படிக் குறைந்தது. பலன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. எதுவுமில்லாத காட்சியைப் பார்த்தே இத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறதே என்பதும் யோசிக்க வேண்டிய செய்தி. ஆனால் நான் தேடிவந்தவர் இந்தக் கருவியின் உலகில் இல்லை. நோயுற்றவர் இருக்கிறார், தீர்ப்பவரும் மருந்தும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டார்கள், நான்காமவரின் இடம் காலியாக இருக்கிறது. முதுகுவலிக்காரர்களில் பலர் தனியே வாழ்பவர்கள். அவர்களுக்கு இதுவாவது கிடைக்கிறதே என்பது நியாயமான பதில்தான். அந்தப் பதிலை மறுக்க என்னிடம் வாதம் இல்லை, தயக்கம் மட்டும் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் இத்தயக்கம் வேறு வடிவில் வந்தது. 2020இல் லண்டனின் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் ஒரே ஒரு மருத்துவர் ஹோலோலென்ஸ் என்னும் மிகை மெய்ம்மைக் கண்ணாடியை அணிந்து தொற்று வார்டுக்குள் போனார். அவர் பார்ப்பதை மற்றவர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்த்து, எக்ஸ்ரே படங்களை அவர் கண்முன் மிதக்கவிட்டார்கள். ஆபத்தான இடத்தில் மருத்துவர்கள் செலவிட்ட நேரம் 83 விழுக்காடு வரை குறைந்ததாக அறிவித்தார்கள். எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கலாம். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், முன்பு நாலைந்து பேர் சூழ்ந்து நின்ற படுக்கையருகே இப்போது முகம் மறைத்த ஒருவர். அந்தக் கண்ணாடியின் தயாரிப்பையும் மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது.

மெய்நிகரின் மேல் எனக்கிருந்த ஐயத்தைப் பெரிதும் தளர்த்தியது 2022இல் பிரேசிலில் நடந்தது. தலையும் மூளையும் ஒட்டிப் பிறந்த, ஏறத்தாழ நான்கு வயதான இரட்டைச் சிறுவர்களை ரியோ டி ஜெனிரோவில் பிரித்தார்கள். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்டிரீட் மருத்துவமனையைச் சேர்ந்த, காஷ்மீரில் பிறந்த நூர் உல் ஓவாஸ் ஜீலானியும் பிரேசில் மருத்துவர் கேப்ரியல் முஃபாரெஜும் முன்னின்றார்கள். ஸ்கேன் படங்களிலிருந்து சிறுவர்களின் மண்டையோட்டையும் இரத்தக் குழாய்களையும் மெய்நிகராக ஆக்கி, வெவ்வேறு நாடுகளில் இருந்த அறுவை நிபுணர்கள் தலைக்கருவி அணிந்து ஒரே மெய்நிகர் அறைக்குள் நின்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். பண்ணை வீட்டுக்கும் மருத்துவருக்கும் பொதுவாக இருந்த எண்ணிட்ட உடம்பு இத்தனை ஆண்டுகள் கழித்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். மொத்தம் ஏழு அறுவைகள். கடைசி இரண்டுக்கு மட்டும் 33 மணி நேரத்துக்கு மேல். ஏறத்தாழ நூறு பேர் கொண்ட மருத்துவக் குழு. அந்த அறுவைக்கு ஜீலானி லண்டனிலிருந்து எந்திரக் கையை அசைக்கவில்லை, ரியோவுக்கு விமானம் ஏறிப்போனார்.

நம் பக்கத்தில், தேனி வட்டாரத்தில், அரவிந்த் கண் மருத்துவமனை இரண்டாயிரத்துகளின் நடுவில் கிராமப் பார்வை மையங்களைக் கம்பியில்லா இணைப்பால் இணைத்தபோது பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் உதவினார்கள். சாதாரண வைஃபை அலையை உயர்ந்த கோபுரங்களில் ஆண்டெனா வைத்துப் பல கிலோமீட்டருக்கு நீட்டினார்கள். அந்த அனுபவத்தை 2008இல் அவர்கள் எழுதிய ஆய்வுரை சுவையானது. அலையைவிட அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது சீரற்ற மின்சாரம். மின்னழுத்த ஏற்றத்தில் கருவிகள் செத்துப்போகும். அவற்றை மீட்டெடுக்க உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அந்த மையங்களில் நோயாளியின் இமையைத் தூக்குவோரும் பெரும்பாலும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பழக்கப்பட்ட இளம்பெண்கள். தலைக்கருவியும் மிதக்கும் படங்களும் நாளை அங்கேயும் வரலாம். வந்தால் அதை நோயாளிக்கு மாட்டிவிடப் போகிறவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்த மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. அதே நிலையத்துக்குப் போனோம். திரையில் அதே மருத்துவர் தயாராக இருந்தார். கருவியின் முன்னால் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் விடுப்பில் இருக்கிறாளாம். அம்மா நாற்காலியில் உட்காராமலே என் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா இல்லையாம்யா, அடுத்த வாரம் வருவோம்" என்றார்.